பாறையேறும் குழுக்களுக்குச் சிறு நல்கை பெறுவது எப்படி?

ஓர் ஏறுதளத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடிப் பல ஆண்டுகளாகப் பாறையேறி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கயிற்றை மாட்டிப் பாதுகாப்பாக ஏறுவதற்காகப் பாறையில் முன்னோடிகள் அடித்த போல்ட்டுகள் துருப்பிடித்துவிட்டன, அடிவாரப் பாதையை மழைநீர் அரித்துவிட்டது, புதிதாக வரும் இளையோருக்குக் கொடுக்க ஹெல்மெட்டும், கயிற்றோடு உடலை இணைக்கும் இடுப்புப் பட்டையான ஹார்னஸும் போதவில்லை. இவற்றைச் சரிசெய்யத் தேவைப்படும் தொகை பெரியதன்று. ஆனால் உறுப்பினர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுச் சமாளிக்கும் அளவுக்குச் சிறியதும் அன்று. சிறு நல்கைகள், அதாவது திருப்பித் தர வேண்டாத சிறு நிதியுதவிகள், இந்த இடைவெளிக்காகவே இருக்கின்றன. ஏறுநர் சங்கங்கள், கருவி தயாரிக்கும் நிறுவனங்களின் அறக்கட்டளைகள், உள்ளாட்சி அமைப்புகளின் விளையாட்டு நிதி, சூழல் காப்பு அமைப்புகள் எனப் பல இடங்களில் அவை கிடைக்கின்றன. இருந்தும், நல்ல வேலை செய்துவரும் பல குழுக்கள் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகின்றன. விண்ணப்பிப்பவற்றிலும் பல, பாறையின் அழகையும் ஏறுதலின் மகிழ்ச்சியையும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கேட்கும் பணத்தைக் கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்பதை இரண்டே வரிகளில் முடித்துவிடுகின்றன. நிதி தரும் அமைப்பு விண்ணப்பத்தில் தேடுவது ஒரு கேள்விக்கான விடையை: இந்தப் பாறையின் பொறுப்பை இன்று யார் ஏற்றிருக்கிறார்கள், பணம் செலவான பிறகும் யார் ஏற்பார்கள்? விண்ணப்பத்தின் ஒவ்வொரு பகுதியும் இந்தக் கேள்விக்கு ஏதோ ஒரு வகையில் விடை சொல்ல வேண்டும்.

முதலில் யாரிடம் கேட்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். ஒவ்வோர் அமைப்புக்கும் தனி நோக்கம் உண்டு என்பதால், ஒரே விண்ணப்பத்தைப் பத்து இடங்களுக்கு அனுப்புவது பெரும்பாலும் வீண் உழைப்பாகவே முடியும். அமெரிக்காவில் 1991-ல் தொடங்கப்பட்ட ஆக்சஸ் ஃபண்ட், ஏறுதளங்களுக்குள் செல்லும் உரிமையைக் காப்பதையும் அத்தளங்களைப் பராமரிப்பதையும் முதன்மையாகக் கொண்டது. 1902-ல் நிறுவப்பட்ட அமெரிக்கன் ஆல்பைன் கிளப்புடன் சேர்ந்து அது 2015-ல் பழைய ஆங்கர்களை (கயிற்றைத் தாங்கப் பாறையில் பொருத்தும் உலோகப் பிடிமானங்களை) மாற்றுவதற்கென்றே ஒரு நிதியை ஏற்படுத்தியது. ஏறுகருவி தயாரிக்கும் பெட்சல் நிறுவனத்தின் சார்பில் 2005-ல் உருவான பெட்சல் அறக்கட்டளை விபத்துத் தடுப்பு, சூழல் காப்பு முதலிய பொதுநலப் பணிகளுக்கு உதவுகிறது. பிரிட்டிஷ் மலையேற்ற மன்றத்துக்கும் ஏறுதளங்களின் அணுகலையும் பாதுகாப்பையும் நோக்கமாகக் கொண்ட அறக்கட்டளை ஒன்று இருக்கிறது. பழைய ஆங்கர்களை மாற்றுவதற்கான நிதியிடம் புதிய ஏறுவழி திறப்பதற்குப் பணம் கேட்டால், எழுத்து எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் பயனில்லை. எனவே அமைப்பின் அறிவிப்பை முழுமையாகப் படித்து, எந்த நாட்டுக் குழுக்கள் விண்ணப்பிக்கலாம், எவற்றுக்கெல்லாம் பணம் தரப்படாது, தொகை முன்பணமாக வருமா அல்லது செலவு செய்து ரசீது காட்டிய பிறகு வருமா என்ற மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. பிறகு வரும் பணமானால், அதுவரை செலவைத் தாங்கும் வசதி குழுவுக்கு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே செய்து முடித்த செலவைப் பெரும்பாலான அமைப்புகள் ஈடுசெய்வதில்லை. ஆகவே ஒப்புதல் கிடைப்பதற்கு முன் பொருள் வாங்கிவிடக் கூடாது.

குழு பதிவு பெற்றதாக இல்லாவிட்டால் அதுவே முதல் தடையாகலாம். தனி நபரின் வங்கிக் கணக்கில் நல்கைத் தொகையைச் செலுத்தப் பல அமைப்புகள் ஒப்புக்கொள்வதில்லை. பதிவுக்குக் காலம் பிடிக்குமென்றால், ஏற்கெனவே பதிவு பெற்ற விளையாட்டுச் சங்கமோ சூழல் அமைப்போ உங்கள் சார்பில் பணத்தைப் பெற்றுக் கணக்கு வைக்க ஒப்புக்கொள்ளுமா என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால், யார் காசோலையில் கையெழுத்திடுவது, மீதித் தொகை யாருக்கு, அறிக்கை எழுதும் பொறுப்பு யாருக்கு என்பவற்றை ஒரு பக்க ஒப்பந்தமாக எழுதி இருதரப்பும் கையெழுத்திட வேண்டும். நட்பின் பேரில் வாய்ப்பேச்சாக விட்டுவிடும் ஏற்பாடு, பணம் கைக்கு வந்த பிறகு அந்த நட்பையே கெடுத்துவிடக்கூடும்.

நிலத்தின் அனுமதி

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது நிலத்துக்குரியவரின் எழுத்துவழி அனுமதியைத்தான். பாறை தனியாருக்கு உரியதாக இருக்கலாம், வனத்துறையினுடையதாக இருக்கலாம், கோயிலுக்கோ ஊர்ப் பொதுவுக்கோ சொந்தமாக இருக்கலாம், தொல்லியல் பாதுகாப்புக்கு உட்பட்டதாகவும் இருக்கலாம். பல ஆண்டுகளாக யாரும் தடுக்கவில்லை என்பது அனுமதி ஆகாது. நாங்கள் எழுதிய முதல் விண்ணப்பம் ஏறத்தாழ எல்லா வகையிலும் சரியாக இருந்தும், இந்த ஒரு கடிதம் இல்லாத காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டது. அந்த முடிவு நியாயமானது என்பதைப் பின்னர் உணர்ந்தேன். ஒருவரின் நிலத்தில் துளையிட்டு உலோகம் பொருத்துவதற்கு, அவருக்குத் தெரியாமல் மூன்றாமவர் எப்படிப் பணம் தர முடியும்? கடிதம் கேட்கச் செல்லும்போது, எந்த இடத்தில் என்ன வேலை, எத்தனை நாள், எத்தனை பேர், விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். பாறை முகடுகளில் வல்லூறு போன்ற பறவைகள் கூடு கட்டும் காலத்தில் அந்தப் பகுதியில் வேலை செய்யமாட்டோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அருகில் வாழும் மக்களுக்கு அந்தப் பாறை வழிபாட்டிடமாகவோ மேய்ச்சல் வழியாகவோ இருந்தால், அவர்களிடமும் முதலிலேயே பேசிவிட வேண்டும். இந்தப் பேச்சுகளுக்குச் சில மாதங்கள் பிடிக்கலாம் என்பதால், நல்கை அறிவிப்பு வரும்வரை காத்திராமல் இன்றே தொடங்குவது நல்லது.

வேலையை வரையறுத்தல்

சிறு நல்கைக்குச் சிறிய, முழுமையான ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘எங்கள் பகுதியில் ஏறுதலை வளர்ப்பது’ என்பது நோக்கமாகலாமே தவிர வேலைத் திட்டமாகாது. ‘வடக்கு முகத்திலுள்ள 10 ஏறுவழிகளில் துருப்பிடித்த போல்ட்டுகளை அகற்றிப் புதியவற்றைப் பொருத்துதல்’ என்பது வேலை. ஒரு வழிக்குச் சராசரியாக 8 போல்ட்டும் உச்சியில் ஆங்கருக்கு 2 போல்ட்டும் என்றால் மொத்தம் 100 போல்ட்டுகள். இப்படி எண்ணிச் சொல்லக்கூடிய வேலையைத்தான் பரிசீலிப்பவர் மனத்தில் காண முடியும். முடிந்ததா இல்லையா என்று சரிபார்க்கவும் முடியும்.

கருவிகளைப் பற்றி எழுதும்போது தரநிலையைக் குறிப்பிடுவது விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்கும். பாறையில் பொருத்தும் ஆங்கர்களுக்கு ஐரோப்பியத் தரநிலை இஎன் 959 என்றும், 1932-ல் தொடங்கப்பட்ட பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பான யுஐஏஏ-வின் தரநிலை 123 என்றும் வழங்கப்படுகின்றன. எந்த உலோகத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள், ஏன் என்பதையும் இரண்டொரு வரிகளில் விளக்குங்கள். துத்தநாகம் பூசிய சாதாரண எஃகு விலை குறைந்ததுதான். ஆனால் திறந்த வெளியில் ஈரத்தில் நிற்கும்போது அது துருப்பிடிக்கும். துருப்பிடிக்கா எஃகு பல இடங்களில் நெடுங்காலம் உழைக்கும். எனினும் கடலோரப் பாறைகளில், குறிப்பாகச் சுண்ணாம்புப் பாறைகளில், வெளிப்பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளுக்குள் விரிசல் விட்டு முறிந்த நிகழ்வுகள் உண்டு. அத்தகைய இடங்களில் டைட்டானியம் பயன்படுத்தப்படுகிறது. ஒரே புள்ளியில் இரு வேறு உலோகங்களைச் சேர்த்துப் பொருத்தினால் அரிப்பு விரைவாகும் என்பதையும் நீங்கள் அறிந்திருப்பது தெரிய வேண்டும். குறைந்த விலையில் வாங்கிப் பத்தே ஆண்டுகளில் மீண்டும் துளையிடுவதைவிட, இப்போதே கூடுதலாகச் செலவிட்டுப் பாறையை ஒருமுறை மட்டும் துளையிடுவது நல்லது என்ற வாதம், நேர்மையாக எழுதப்பட்டால் பரிசீலிப்பவரிடம் எடுபடும்.

பயிற்சி வகுப்புக்கோ இளையோருக்கான கருவிகளுக்கோ கேட்பதானால், கருவிகளைவிட மனிதர்களைப் பற்றிய விவரம் முக்கியம். பயிற்சி தருபவரின் தகுதி, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர், பெற்றோரின் ஒப்புதல், முதலுதவி ஏற்பாடு, கயிறு ஹார்னஸ் போன்ற துணிவகைக் கருவிகளை எந்தப் பதிவேட்டின்படி சோதித்து எப்போது ஒதுக்கித் தள்ளுவீர்கள் என்பவை இடம்பெற வேண்டும். துணிவகைக் கருவிகள் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் நாளடைவில் தரம் குன்றும். பல தயாரிப்பாளர்கள் அதிக அளவாக 10 ஆண்டுகள் என்ற எல்லையைக் குறிக்கிறார்கள்.

வரவு செலவு

விண்ணப்பத்தில் மிகக் கூர்ந்து படிக்கப்படும் பகுதி இது. ‘கருவிகள்’ என்று ஒரே வரியில் மொத்தத் தொகையைப் போடாமல், பொருள், எண்ணிக்கை, ஒன்றின் விலை, மொத்தம் எனப் பிரித்துக் காட்டுங்கள். முடிந்தவரை இரண்டு கடைகளிலிருந்தாவது விலைப்புள்ளி வாங்கி இணைத்துவிடுங்கள். போல்ட்டுகளை எண்ணிவிட்டு மற்றவற்றை மறந்துவிடுவது வழக்கமான பிழை. துளைக்கருவியின் அலகுகள் கடினமான கருங்கல்லில் விரைவில் தேய்ந்துவிடும். கூடுதல் பேட்டரிகள் வேண்டும். துளையைச் சுத்தம் செய்யத் தூரிகையும் ஊதுகுழலும் வேண்டும். கண்ணுக்கும் மூச்சுக்கும் பாதுகாப்பு வேண்டும். பசை கொண்டு ஒட்டும் போல்ட்டுகளானால், பசைக் குழலுக்கான கலக்கும் முனைகளும் தேவை. ஒவ்வொரு புதிய முனையிலும் முதலில் வெளிவரும் பசை சரியாகக் கலந்திராது என்பதால் அதை வீணாக்கியே ஆக வேண்டும், அந்த அளவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பசைக்குக் காலாவதித் தேதி உண்டு. பணம் வரும் மாதத்துக்கும் வேலைக்கு உகந்த பருவத்துக்கும் இடையே நீண்ட இடைவெளி இருந்தால், பசையை வேலை தொடங்குவதற்குச் சற்று முன்பு வாங்குவதாகத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். இதுபோன்ற ஒரு வரி, வேலை தெரிந்தவர்கள்தாம் கேட்கிறார்கள் என்பதைப் புரியவைக்கும்.

குழுவின் பங்கையும் எண்ணாகக் காட்ட வேண்டும். 15 பேர் நாளொன்றுக்கு 6 மணி நேரம் வீதம் 4 நாட்கள் உழைத்தால் அது 360 மணி நேரத் தன்னார்வ உழைப்பு. உறுப்பினர் தரும் சொந்தக் கயிறுகள், வாகனம், ஏற்கெனவே திரட்டிய சிறு தொகை ஆகியவற்றையும் தனிப் பத்தியில் குறிப்பிடுங்கள். எதிர்பாராச் செலவுக்கு ஒரு சிறு பங்கை ஒதுக்கலாம். அறிவிப்பு அதை அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குறைத்துத்தான் தருவார்கள் என்று எண்ணிக் கூட்டிக் கேட்பது தவறு. அதற்கு மாறாக, முழுத் தொகை கிடைக்காவிட்டால் எந்த ஐந்து வழிகளை முதலில் முடிப்போம் என்று சொல்லிவிட்டால், பாதித் தொகை தரவும் அவர்களுக்கு வழி பிறக்கும்.

எழுதுவதும் அனுப்புவதும்

விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே யார், எங்கே, என்ன வேலை, எவ்வளவு தொகை, எப்போது முடியும் என்ற ஐந்தும் வந்துவிட வேண்டும். ரன்னவுட், பிலே, கிரிம்ப் போன்ற சொற்கள் நமக்குப் பழகியவை. ஆனால் உள்ளாட்சி நிதிக்கோ பொது அறக்கட்டளைக்கோ எழுதும்போது, படிப்பவர் ஒருநாளும் பாறையேறியிராதவர் என்று கொண்டு எளிய சொற்களில் எழுத வேண்டும். துருப்பிடித்த போல்ட்டின் தெளிவான ஒரு நிழற்படம், அரித்துப்போன பாதையில் ஒரு மனிதர் நிற்கும் படம், ஏறுதளத்தின் கையால் வரைந்த வரைபடம் ஆகிய மூன்றும், தேவையை நீண்ட விளக்கத்தைவிட நன்றாக உணர்த்தும். எழுதி முடித்ததும் ஏறுதலோடு தொடர்பில்லாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, என்ன வேலைக்குப் பணம் கேட்கிறோம் என்று அவரையே திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். அவர் தடுமாறும் இடத்தை மாற்றி எழுதுங்கள். பரிந்துரைக் கடிதங்கள் இரண்டு போதும். நில உரிமையாளரும் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரும் எழுதுபவை, புகழ்பெற்ற ஏறுநர் ஒருவரின் பாராட்டைவிடப் பயன் தரும் என்பது என் கருத்து. கடைசி நாளுக்குச் சில நாட்கள் முன்பே அனுப்பிவிடுங்கள்.

பராமரிப்பைப் பற்றிய பத்தியை மறக்காமல் எழுத வேண்டும். பொருத்திய ஒவ்வொரு போல்ட்டின் வகை, நாள், பொருத்தியவர் ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்து வைப்போம், ஆண்டுக்கு ஒருமுறை அனைத்தையும் சோதிப்போம், சோதனைக்கு இன்னின்ன இருவர் பொறுப்பு என்று சொல்லுங்கள். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் செயற்கைச் சுவரில் ஏறும் போட்டி முதன்முறையாக இடம்பெற்றது. உள்ளரங்கச் சுவர்களில் கற்றுக்கொண்டு வெளிப்பாறைக்கு வருபவர்கள் ஏற்கெனவே பொருத்தியிருக்கும் போல்ட்டை நம்பியே ஏறுகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு உரிய பொறுப்பைக் குழு எப்படி நிறைவேற்றும் என்பது இந்தப் பத்தியில்தான் தெரியும்.

நல்கை கிடைத்தால், வேலை தொடங்குவதற்கு முன்பே ஒவ்வோர் இடத்தையும் படம் எடுத்து, முடிந்த பிறகு அதே கோணத்தில் மீண்டும் எடுங்கள். ரசீதுகளை வாங்கிய அன்றே நகலெடுத்து வைப்பது நல்லது. வெப்பத்தாளில் அச்சான ரசீதுகள் சில மாதங்களில் மங்கிவிடும். திட்டத்தில் மாற்றம் தேவைப்பட்டால், செலவு செய்வதற்கு முன் நிதி தந்தவரிடம் எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். இறுதி அறிக்கையில் நிறைவேறாத பகுதியையும் அதன் காரணத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். 100-ல் 86 போல்ட்டுகள்தாம் மாற்ற முடிந்தது, மீதி 14 இடங்களில் பாறை உறுதியாக இல்லை என்பது மதிக்கத்தக்க அறிக்கை. நல்கை மறுக்கப்பட்டால், காரணத்தைப் பணிவுடன் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வந்தால், அதை வைத்து அந்த ஆண்டிலேயே விண்ணப்பத்தைத் திருத்தி, அனுமதிக் கடிதத்தின் தேதியையும் விலைப்புள்ளிகளையும் புதுப்பித்து, அடுத்த சுற்றுக்கு ஆயத்தமாக வைத்துவிடலாம்.