பதப்படுத்திய மர இறக்குமதி: நாடுகளின் மதிப்பை ஆண்டுவாரியாக ஒப்பிடும் முறை

மலேசியாவின் பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்தில் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் பிளைவுட்டுக்காகச் சுங்கத்துறையிடம் கே1 என்ற இறக்குமதி அறிவிப்புப் படிவம் கொடுக்க வேண்டும். நாட்டின் இறக்குமதி என்று அறிக்கைகளில் வரும் பெருந்தொகை இத்தகைய படிவங்களின் கூட்டுத்தொகைதான் என்பதால், இரு நாடுகளை ஒப்பிட முனைபவர் படிவத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் எவையெல்லாம் பதப்படுத்திய மரம் என்று முடிவு செய்யுங்கள். உலகச் சுங்க அமைப்பின் பொருள் வகைப்பாட்டில் மரத்துக்குரியது 44ஆம் அத்தியாயம்: வெட்டிய மரத்தடி 4403, அறுத்த பலகை 4407, எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) 4411, பிளைவுட் 4412, கதவு, சன்னல் 4418. மேசை, நாற்காலி 94ஆம் அத்தியாயத்தில் இருக்கின்றன. அவற்றைச் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம், ஆனால் எடுத்த முடிவு எல்லா நாடுகளுக்கும் எல்லா ஆண்டுகளுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த வகைப்பாடு அவ்வப்போது திருத்தப்படுகிறது. 2017 திருத்தத்தில் ஊசியிலை மரப் பலகைக்கான 4407.10 என்ற எண் மூன்றாகப் பிரிக்கப்பட்டதால், ஆறு இலக்க அளவில் கணக்கெடுப்பவருக்கு அந்த இறக்குமதி திடீரென நின்றுபோனது போலத் தோன்றும். நான்கு இலக்கத்தோடு நின்றுகொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

தரவுக்கு ஐ.நா.வின் வணிகப் புள்ளிவிவரத் தளமான காம்டிரேட் உண்டு. நீண்ட காலத்தைப் பார்ப்பதானால் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் புள்ளிவிவரத் தளமான ஃபாவோஸ்டாட்டையே நான் எடுப்பேன். அதில் 1961 முதல் டாலர் மதிப்போடு கன மீட்டர் அளவும் கிடைக்கிறது. அந்த அளவின் அருமை கடைசியில் தெரியும்.

அடுத்து நாணயம், பலரும் சறுக்குவது இங்கேதான். 1997 தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறக்குறைய 2.50 ரிங்கிட், 1998 செப்டம்பரில் அது 3.80 ரிங்கிட் என்று நிலைநிறுத்தப்பட்டு 2005 ஜூலை வரை அப்படியே இருந்தது. பத்து லட்சம் டாலருக்குப் பலகை வாங்கிய ஒருவரின் கணக்கு 25 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 38 லட்சமாகிறது: 52 விழுக்காடு உயர்வு, ஆனால் கிடங்கில் ஒரு பலகைகூடக் கூடவில்லை. ஆகவே ஒவ்வோர் ஆண்டின் மதிப்பையும் அந்த ஆண்டின் சராசரி மாற்று விகிதத்தில் டாலராக்கி, பிறகு விலைவாசி உயர்வைக் கழியுங்கள். அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீடு 2000இல் 172.2, 2020இல் 258.8, எனவே 2000ஆம் ஆண்டின் ஒரு டாலரை 2020இன் டாலராக்க 1.5ஆல் பெருக்க வேண்டும். மர விலை இந்தக் குறியீட்டோடு ஒட்டி நடப்பதில்லை என்றாலும், எல்லா நாடுகளுக்கும் ஒரே அளவுகோல் என்ற வகையில் இது போதும்.

பெரும்பாலான நாடுகள் இறக்குமதியைக் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்த்து மதிப்பிடுகின்றன. கனடா, ஆஸ்திரேலியா போன்றவை ஏற்றுமதித் துறைமுக விலையையே கணக்கில் எடுக்கின்றன. சரவாக் பிளைவுட்டுக்கு ஜப்பான் காட்டும் இறக்குமதித் தொகை நம் ஏற்றுமதித் தொகையை மிஞ்சி நிற்பதற்கு ஒரு காரணம் இந்த மதிப்பீட்டு வேறுபாடு. யாரோ கணக்கை மறைத்தார்கள் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

மக்கள்தொகையால் வகுத்தால் சிறிய நாடும் பெரிய நாடும் ஒரே தாளில் அடங்கும்.

கடைசியாக மதிப்பைக் கன மீட்டரால் வகுத்து, ஒரு கன மீட்டருக்கு எத்தனை டாலர் என்று தனிக் கோடாக வரையுங்கள். அளவு மாறாமல் இந்தக் கோடு மட்டும் எழும் ஆண்டுகளில், நாடு அதிக மரம் வாங்கவில்லை. விலையோ, சரக்கின் தரமோ, கப்பல் கட்டணமோதான் ஏறியிருக்கிறது. கொள்கலன் கட்டணம் உலகெங்கும் எகிறிய 2021ஆம் ஆண்டுப் புள்ளியை, அதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளோடு வைத்துப் பார்க்காமல் தனியாக எந்த ஒப்பீட்டுக்கும் பயன்படுத்தாதீர்கள்.