ரிவ்யூவருக்குப் பதில் எழுதும்போது சறுக்கும் இடங்கள்

ஜர்னலுக்கு அனுப்பிய ஆய்வுக் கட்டுரைக்கு 'மேஜர் ரிவிஷன்' (பெரிய திருத்தம் தேவை) என்று மெயில் வந்ததும் பலர் நேராகக் கட்டுரையைத் திறந்து திருத்தத் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் திறக்க வேண்டியது வெற்று வேர்டு ஃபைல். கட்டுரையை மதிப்பிட்ட ரிவ்யூவர்கள் சொன்னதை ஒரு வரி விடாமல் அதில் ஒட்டி, 1.1, 1.2, 2.1 என்று எண் போடுங்கள் (முதல் எண் ரிவ்யூவர், அடுத்தது கேள்வி). ஒவ்வொன்றின் கீழும் பதில் எழுதினால் அதுவே பதில் கடிதம். ஒரே பத்தியில் மூன்று கேள்வி இருந்தால் மூன்றாகப் பிரியுங்கள். விட்டுப்போவது பெரும்பாலும் பத்தி நடுவில் கிடக்கும் கேள்விதான்.

"நன்றி, திருத்திவிட்டோம்" என்ற ஒற்றை வரி பதிலே ஆகாது. எங்கே, என்ன திருத்தினீர்கள் என்று எடிட்டர் தேடிக்கொண்டிருக்க மாட்டார். மதுரையில் ஆரப்பாளையத்திலிருந்து வண்டியூர் வரை வைகை நீரைச் சோதித்த கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். "ஜனவரியில் மட்டும் மாதிரி எடுத்தது ஏன்?" என்கிறார் ரிவ்யூவர். "நேரம் போதவில்லை" என்பது உண்மையாகவே இருக்கலாம், பதிலாகாது. இப்படி எழுதலாம்: "வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் ஆற்றில் ஓட்டம் இருக்கும் நிலையை மட்டுமே இந்த ஆய்வு பார்க்கிறது. கோடையில் ஓட்டம் குறைந்து கழிவுநீரின் பங்கு கூடும் என்பதால் முடிவுகள் மாறலாம். தலைப்பில் 'மழைக்குப் பின்' என்று சேர்த்துள்ளோம். இந்த வரம்பை விவாதப் பகுதியிலும் எழுதியுள்ளோம் (பக்கம் 11, வரி 243–248)." கீழே அந்தப் புதிய வரிகளையும் அப்படியே ஒட்டிவிடுங்கள். கேட்டதற்கெல்லாம் புதிதாகச் சோதனை செய்யத் தேவையில்லை. சொல்லும் முடிவின் எல்லையைச் சுருக்கினாலே பல கேள்விகள் தீரும்.

பதிலில் தரும் வரி எண்களைத் திருத்தமெல்லாம் முடிந்தபின் கடைசியாகப் போடுங்கள். திருத்தங்கள் தெரியும் ட்ராக் சேஞ்சஸ் பிரதியில் ஒரு எண் வரும், அவை தெரியாத க்ளீன் பிரதியில் வேறு வரும். எந்தப் பிரதியின் எண் என்று கடிதத்தின் தலையிலேயே சொல்லிவிடுங்கள்.

"ரிவ்யூவர் சரியாகப் படிக்கவில்லை" என்று எழுதவே வேண்டாம், அவர் நிஜமாகவே படிக்காமல் இருந்தாலும். "அந்த வாக்கியம் தெளிவாக இல்லை, மாற்றியுள்ளோம்" என்று முடியுங்கள். அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் கூடாது. ஒருவர் ஒரு பகுதியைச் சுருக்கு என்கிறார், இன்னொருவர் அதையே விரி என்கிறார் என்றால், ஒரு வழியைத் தேர்ந்து காரணத்தை எடிட்டருக்கான கடிதத்தில் எழுதுங்கள். ஒரே ஆளின் ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொன்னால் பொருந்துவதை மட்டும் சேர்த்து, மற்றதை எடிட்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். மேற்கோள் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக ரிவ்யூவர் அப்படிக் கேட்கக் கூடாது என்பது ஆய்வு வெளியீட்டு நெறிகளுக்கான 'கோப்' (COPE) அமைப்பின் நெறிமுறை.

நன்றி கடிதத் தொடக்கத்தில் ஒருமுறை போதும். ஒவ்வொரு பதிலிலும் 'தாழ்மையுடன்' போட்டால் பதில் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கட்டுரையின் நன்றியுரையில் "பெயர் அறியா மதிப்பாய்வாளர்களுக்கு" என்பதோடு நிறுத்துங்கள். யாரென்று யூகித்துப் பெயர் போடக் கூடாது. எழுதியவர், ரிவ்யூவர் என இருபுறமும் பெயர் மறைக்கும் ஜர்னல் என்றால் நன்றியுரையையே தலைப்புப் பக்கத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும். செய்முறைப் பகுதியில் 'பல்கலை நகரில் உள்ள எங்கள் லேபில்' என்ற ஒரு சொற்றொடர் போதும், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என்று தெரிந்துவிடும். ஃபைல் பிராப்பர்ட்டீஸில் உள்ள பெயரையும் அழியுங்கள். அதை யாரும் கவனிப்பதில்லை.

கெடு போதாது என்று தோன்றினால் கெடு முடிவதற்குள், எந்தத் தேதிக்குத் தருவோம் என்று குறிப்பிட்டு அவகாசம் கேளுங்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் லேப் சாவிக்கு ஆள் கிடைக்காது என்பது எடிட்டருக்குத் தெரியாது. கெடு தாண்டினால் பல ஜர்னல்களில் புதுக் கட்டுரையாகவே மறுபடி அனுப்ப வேண்டிவரும்.