லிங்க்ட்இன்ல ஆள் சேக்குறது வேற, பழகுறது வேற

"டியர் சார், ஐயம் லுக்கிங் ஃபார் ஜாப், கைண்ட்லி ஹெல்ப்." இதே வரிய என் சித்தி மக, வேல சம்பந்தமா ஆளுங்க பழகுற லிங்க்ட்இன் தளத்துல 140 பேருக்கு அனுப்பியிருக்கா. மலேசியாவுல, பினாங்கு மாநிலத்து பட்டர்வொர்த்துல இருக்கா, எலக்ட்ரானிக்ஸ் டிப்ளோமா முடிச்சு நாலு மாசம் ஆச்சு. "அண்ணே, அக்செப்ட் பண்றாங்க, அப்புறம் ஒருத்தரும் பேச மாட்றாங்க"ன்னு மாமாக் கடையில, அதாவது இங்க உள்ள முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில, போன எங்கிட்ட நீட்டினப்ப முகமே வாடிப்போச்சு. நான் பினாங்கு பாயான் லெபாஸ் ஃபேக்டரி வட்டாரத்துல, சிப்ப சோதிக்கிற டெஸ்ட் லைன்ல 11 வருஷமா இருக்கேன், இந்த மாதிரி மெசேஜ் எனக்கும் வாரத்துக்கு நாலஞ்சு வருது. பதில் போடக்கூடாதுன்னு யாரும் நெனைக்கிறதில்ல, அதுக்கு என்ன பதில் போடுறதுன்னுதான் தெரியல. எந்த வேல, எங்க, உனக்கு என்ன தெரியும், எதுக்கு என்னைய தேடி வந்த, ஒண்ணுமே அதுல இல்லையே.

முதல் தப்பு இதுதான், அறிமுகம் ஆகுறதுக்கு முன்னாடியே கேக்குறது. நேர்ல ஒருத்தர் வீட்டுக்குப் போனா வாசல்ல நின்னுக்கிட்டே கடன் கேப்போமா? ரெக்வெஸ்ட் அனுப்புறப்ப ஒரு நோட்டு எழுதலாம், இலவச கணக்குல 200 எழுத்துக்குள்ள, அதுவும் மாசத்துக்கு சிலதுதான், அதனால 140 பேர விட்டுட்டு அஞ்சு பேர தேர்ந்தெடுங்க. அன்னிக்கு நாங்க ஒரு சீனியர் இன்ஜினியருக்கு, அவரும் நம்மாளுதான், சிப்ப சூட்டுல வெச்சு சோதிக்கிற பர்ன்-இன் போர்டு பத்தி எழுதுறவரு, இப்படி எழுதினோம்: "வணக்கம் சார், பர்ன்-இன் போர்டு பத்தி நீங்க எழுதினத படிச்சேன். பட்டர்வொர்த்துல எலக்ட்ரானிக்ஸ் டிப்ளோமா இப்பதான் முடிச்சேன். உங்க பதிவுங்கள தொடர்ந்து படிக்கணும்னு ஆச." அவ்வளவுதான். வேலங்குற வார்த்தையே இல்ல. தமிழ் ஆளுங்கன்னு தெரிஞ்சும் பயந்து பயந்து இங்கிலீஷ்ல விறைப்பா எழுதணும்னு அவசியமே இல்ல, மத்தவங்களுக்கு இங்கிலீஷோ மலாயோ உங்களுக்கு எது சரளமா வருதோ அதுல எழுதுங்க. இன்னொண்ணு, அவசரப்பட்டு அனுப்பிட்டு அப்புறம் ரெக்வெஸ்ட திரும்ப எடுத்தீங்கன்னா அதே ஆளுக்கு மூணு வாரம் வரைக்கும் மறுபடி அனுப்ப முடியாது, அதனால மொதல்லயே யோசிச்சு எழுதுறது நல்லது.

அடுத்து கமெண்ட். இதுலதான் நம்ம பிள்ளைங்க பெரிய வாய்ப்ப கைய விட்டு நழுவ விடுறாங்கன்னு நான் நெனைக்கிறேன். ஒருத்தர் பதிவு போட்டா அந்த ரெடிமேட் பட்டன தட்டி "கங்கிராஜுலேஷன்ஸ்"னு போட்டுட்டுப் போயிடுறாங்க. முப்பது பேர் அதயே போட்டிருப்பாங்க, உங்க பேரு எப்படி ஞாபகம் இருக்கும்? ஒரு தடவ நான், சிப்ப வெச்சு சோதிக்கிற டெஸ்ட் சாக்கெட் அழுக்கானதுனால நல்ல சிப்பெல்லாம் ஃபெயில்னு விழுந்த கதைய எழுதியிருந்தேன், லைக்கு நெறைய வந்துச்சு, ஆனா ஒரே ஒரு பையன் மட்டும் "எத்தன சைக்கிளுக்கு ஒருதரம் கிளீன் பண்றீங்க, இல்ல யீல்டு எறங்கினா மட்டுமா?"ன்னு கேட்டான். யீல்டுன்னா சோதனையில பாஸாகுற சிப்போட விகிதம். அந்த ஒரு கேள்வியிலயே தெரிஞ்சுபோச்சு இவன் லைன் பக்கத்துல நின்னு பாத்தவன்னு. அவன் இண்டர்ன்ஷிப்ல இருந்தான், எந்த காலேஜுன்னுகூட எனக்குத் தெரியாது, ஆனா ஆறு மாசம் கழிச்சு எங்க டீம்ல இடம் காலியானப்ப என் மனசுல வந்த மொத பேரு அவனோடதுதான்.

நமக்கு தெரிஞ்சவங்களோடயே சுத்திக்கிட்டு இருக்குறதும் தப்புதான். சொந்தக்காரங்க, ஸ்கூல் கூட்டாளிங்க இவங்களுக்குத் தெரிஞ்ச சேதி ஏற்கனவே நமக்கும் தெரிஞ்சிருக்கும். மார்க் கிரானோவெட்டர்ங்குற அமெரிக்க சமூகவியல் ஆய்வாளர் இத 1973லயே எழுதிட்டாரு, லேசா பழக்கம் உள்ளவங்க மூலமாத்தான் புது வேலச் சேதி வருதுன்னு. 2022ல லிங்க்ட்இன்லயே சுமார் 2 கோடி பேர வெச்சு அஞ்சு வருஷம் பாத்த ஆய்வும் கிட்டத்தட்ட அதத்தான் சொல்லுச்சு, என்ன, ரொம்பவே தூரத்து ஆளவிட ஓரளவு தெரிஞ்ச ஆளுதான் கூடுதலா உதவுறாங்கன்னு. ஆக, போன கம்பெனியில கேன்டீன்ல மட்டும் பாத்துக்கிட்ட ஆளு, டிரெய்னிங்ல பக்கத்து சீட்டு ஆளு, இவங்கள விட்டுடாதீங்க.

கோவத்த போஸ்ட் போடாதீங்க, இது நான் பட்டு சொல்றது. 2016ல ஓவர்டைம் காசு லேட்டா வந்துச்சுன்னு ஃபேஸ்புக்ல நாலு வரி எழுதினேன். கம்பெனி பேரு போடல, ஆனா ப்ரொஃபைல் போட்டோவுல சட்டையில லோகோ இருந்துச்சு. ஒரு மணி நேரத்துல அழிச்சேன், அதுக்குள்ள யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு வேற எடத்துல இண்டர்வியூல அத பத்தி கேட்டாங்க. பாயான் லெபாஸ் 1972லேர்ந்து ஃபேக்டரி ஓடுற எடம், இங்க இருக்குறவங்க அந்த கேட்டுலேர்ந்து இந்த கேட்டுக்கு மாறிக்கிட்டே இருப்பாங்க, ஒரு பேச்சு ரோடு தாண்ட ஒரு நாள் போதும். காசு வரலன்னா எச்.ஆர்.கிட்ட எழுத்துல கேட்டிருக்கணும், நான் செய்யல.

ரெசுமேவ வாட்ஸ்அப் குரூப்ல, ஃபேஸ்புக் குரூப்ல போடுறப்ப ஐ.சி. நம்பர, அதாவது அடையாள அட்டை எண்ண, எடுத்துடுங்க. மொத ஆறு எண்ணு உங்க பொறந்த தேதி, அடுத்த ரெண்டு பொறந்த எடம், பினாங்குன்னா 07. முன்ன பின்ன தெரியாத ஆளுங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?

கடைசியா ஒண்ணு, இதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். உதவி வாங்கினதும் காணாம போறது. ஒரு பையனுக்காக நான் பழைய மேனேஜர் ஒருத்தர்கிட்ட பேசி இண்டர்வியூ வாங்கிக் குடுத்தேன். மூணு மாசம் கழிச்சு அவரே கூப்பிட்டு, "அந்தப் பையன் ஆஃபர வேணாம்னு சொல்லிட்டானே, உங்கிட்ட சொல்லலியா?"ன்னு கேட்டாரு. எனக்கு தெரியவே தெரியாது. வேணாம்னா வேணாம், அது அவன் இஷ்டம், ஆனா ரெண்டு வரி போட்டிருந்தா நான் அவர்கிட்ட மொதல்லயே மன்னிப்பு கேட்டிருப்பேன். அதுக்கப்புறம் அந்த மேனேஜர்கிட்ட வேற யாருக்காகவும் கேக்க எனக்கு வாய் வரல.

சித்தி மகளுக்கு அந்த சீனியர் மூணாம் நாள் பதில் போட்டாரு, படிக்கச் சொல்லி ரெண்டு விஷயம் சொல்லியிருக்காரு. படிச்சிட்டு தனக்கு என்ன புரிஞ்சுது, என்ன புரியலன்னு அவருக்கு எழுதச் சொல்லியிருக்கேன். எழுதிக்கிட்டு இருக்கா.