மாசி லீவில் தோட்டத்துக்கு வந்தால்: காமன் கூத்தைக் கேட்கும் முறை

கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை செய்பவர்கள் தீபாவளிக்குத்தான் லீவு எடுத்து ஊருக்கு வருவார்கள். மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பாட்டையும் தப்பு என்ற பறையையும் கேட்க ஆசையிருந்தால் லீவை மாசிக்கு மாற்றுங்கள். சிவன் காமனை எரித்த கதையையும் ரதியின் துயரத்தையும் பாடி ஆடும் காமன் கூத்து அப்போதுதான். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாளையொட்டிக் காமன் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவில் காமனை எரிக்கும் தகனம். பௌர்ணமி இலங்கையில் போயா விடுமுறை என்பதால், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் எடுத்தாலே போதும். தோட்டத்துக்குத் தோட்டம் நாள் முன்பின் ஆகும். பஸ் ஏறுவதற்கு முன் வீட்டுக்குப் போன் போட்டு, கூத்தை நடத்தும் காமன் மாஸ்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

தகனத்துக்கு முதல் நாளே வந்துவிடுவது நல்லது. கடைசி இரவுக் கூட்டத்தில் பாட்டின் வரிகள் காதில் விழாது. முந்தின இரவுகளில் கூத்து நடக்கும் காமன் பொட்டலில் ஆள் குறைவு, கிட்ட நின்று கேட்கலாம்.

கூத்து தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே தப்பு காய்ச்சும் இடத்துக்குப் போய்விடுங்கள். மரச்சட்டத்தில் ஒட்டிய தோல் பனியில் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். அடித்தால் 'தொம்' என்று மந்தமாகக் கேட்கும். வைக்கோலோ காய்ந்த சருகோ கொளுத்தி, தோல் பக்கத்தைத் தீக்குக் காட்டி, ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். இடையிடையே விரலால் தட்டிப் பார்ப்பார்கள். தொனி ஏறி 'டங்' என்று தெறித்ததும் தீயிலிருந்து எடுத்துவிட வேண்டும். தீக்கு மிக நெருக்கிப் பிடித்தால் தோல் கருகும், சட்டத்தை விட்டு ஒட்டும் பெயரும். மூடுபனி இறங்கும் இரவில் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டியிருக்கும். ஆட்டத்தின் நடுவே தப்புக்காரர் தீப்பக்கம் போவது இதற்காகத்தான். ஓய்வெடுக்கிறார் என்று நினைத்துப் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

பிறகு கைகளைக் கவனியுங்கள். இடக்கையில் நீண்ட, மெல்லிய மூங்கில் குச்சி. வலக்கையில் குட்டையான, தடித்த குச்சி. தடித்தது தாளத்தைப் பிடிக்கும், மெல்லியது இடைவெளியை நிரப்பும். இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால் சாமி வரவழைக்கும் அடியும் சாவு வீட்டு அடியும் தானாகவே வேறாகத் தெரியும். ஒரு காலத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு, ஆள் கூப்பிட்டதும் இதே தப்புத்தான்.

பதிவு செய்வதானால் முதலில் மாஸ்டரிடம் அனுமதி கேளுங்கள். தப்பின் பக்கத்தில் போனைப் பிடித்தால் சத்தம் உடைந்து இரைச்சல்தான் மிஞ்சும். பத்துப் பதினைந்து மீற்றர் தள்ளி, பாடுபவர் முகம் பார்க்கும் பக்கமாக நில்லுங்கள். காற்று இரைச்சல் புகாமலிருக்க, போனின் மைக் துளையை அடைத்துவிடாமல் மெல்லிய கைக்குட்டை ஒன்றைச் சுற்றுங்கள். ஒரு நிமிடம் எடுத்துப் போட்டுக் கேட்ட பிறகே முழுதாக எடுங்கள். முடிவில் தோட்டம், டிவிசன் (தோட்டத்தின் பிரிவு), தேதி மூன்றையும் உங்கள் வாயாலேயே சொல்லிப் பதியுங்கள். இதைத் தயவுசெய்து விடாதீர்கள். பேரப்பிள்ளைகள் கேட்கும்போது அந்தக் குரல் எந்த மலையுடையது என்று தெரிய வேண்டும்.

தகனத்துக்குப் பிறகு உடனே வீட்டுக்குப் போகாதீர்கள். ரதியின் புலம்பல் அதற்குப் பின்தான், இரவு முழுவதிலும் அருமையான பாட்டு அதுவே. கம்பளி கொண்டு போங்கள்.

மறுநாள் வீட்டு அம்மாயியிடம் (பாட்டியிடம்) தாலாட்டும் தெம்மாங்கும் கேட்கலாம். ஒப்பாரியை மட்டும் வீட்டுக்குள் பாடச் சொல்லாதீர்கள். சாவு நடக்காத வீட்டில் அதைப் பாடுவது ஆகாது என்பார்கள். வெளியே கூட்டிப் போய், "அம்மாயி, கொழுந்து எடுக்கயில என்ன பாடுவீங்க?" என்று மலையைக் காட்டிப் பேச்சைத் தொடங்குங்கள். தப்புக்காரருக்கு வெற்றிலை பாக்கோடு பணம் வைத்து இரண்டு கையாலும் கொடுங்கள். சவுண்ட் பொக்ஸ் வாடகைக்கு ஒதுக்கும் காசில் பாதி புதுத் தோலுக்குப் போனாலும் அடுத்த மாசிக்குத் தப்பு நன்றாகப் பேசும்.