இந்தக் கார்டு எவ்வளவு பெறும்? புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஞாயிறு மாலைகளில் நான்கைந்து பிள்ளைகள் கூடி போக்கிமான் கார்டு ஆடுவார்கள். வேலூர் வெயிலுக்கு மின்விசிறி இல்லாமல் முடியாது. விசிறியைப் போட்டாலோ கார்டுகள் பறக்கும். அந்த அமளிக்கு நடுவே அண்ணன் மகன் ஒரு கார்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வருவான். "சித்தப்பா, இது எவ்வளவு பெறும்?"

"ஆடுவதற்கா, விற்பதற்கா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அவனுக்கு எரிச்சல் வரும். ஆனால் ஒரு கார்டுக்கு இரண்டு மதிப்பு உண்டு. மேசையில் ஒன்று, சந்தையில் ஒன்று. இரண்டையும் ஒரே தராசில் வைப்பவர்தான் பணத்தை இழக்கிறார், ஆட்டத்தையும் தோற்கிறார். இரண்டையும் தனித்தனியே எடைபோடும் வழியை நான் கற்ற வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: அசலா, போலியா?

பேன்சி கடைகளிலும் திருவிழாக் கடைகளிலும் கட்டு முழுவதும் தங்க நிறத்தில் மின்னும் போக்கிமான் கார்டுகள் தொங்கும். ஒரு பிறந்தநாளுக்கு நானும் ஆசையாக ஒரு கட்டு வாங்கிக் கொடுத்தேன். அத்தனையும் போலி. அசலில் தங்க நிறக் கார்டுகள் உண்டுதான், ஆனால் ஒரு கட்டு முழுவதும் தங்கமாக வராது.

சந்தேகம் வந்தால், அசல் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு சாதாரணக் கார்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அளவு 63 மில்லிமீட்டருக்கு 88 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். முதுகுப்புற நீலம் வெளிறியிருக்கிறதா, எழுத்துகள் தடித்தோ மெலிந்தோ இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். பிறகு இரண்டையும் கைபேசி விளக்குக்கு முன்னால் பிடியுங்கள். போலியில் பெரும்பாலும் வெளிச்சம் எளிதாக ஊடுருவிவிடும். எழுத்துப் பிழையும் நம்ப முடியாத எண்களும் கண்ணில் பட்டால் அதற்குமேல் ஆராய வேண்டியதில்லை.

போலியைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. பிள்ளைகள் விளையாடட்டும். அதில் அச்சாகியிருக்கும் எண்களை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அவ்வளவுதான்.

படி 2: ஓரங்களைப் படியுங்கள்

எல்லோரும் நடுவில் இருக்கும் படத்தைப் பார்க்கிறார்கள். செய்தி ஓரங்களில் இருக்கிறது. போக்கிமான் கார்டின் மேல் வலது மூலையில் உயிர்ப்புள்ளி, அதாவது அது எவ்வளவு அடி தாங்கும் என்ற எண். கீழே வரிசை எண்ணும் அரிதின் குறியும்: வட்டம் என்றால் சாதாரணம், சாய்சதுரம் என்றால் சற்று அரிது, நட்சத்திரம் என்றால் அரிது. 4/102 போல எழுதியிருக்கும் வரிசை எண்ணில் இடப்பக்க எண் வலப்பக்க எண்ணைவிடப் பெரிதாக இருந்தால், அது தொகுப்பின் கணக்குக்கு வெளியே மறைத்து வைத்த கார்டு. எடுத்துத் தனியே வையுங்கள். ஓவியரின் பெயரும் ஓரத்தில் இருக்கும். போக்கிமான் முதல் தொகுப்பில் சாரிசார்டு என்ற பறக்கும் டிராகனை வரைந்தவர் மிட்சுஹிரோ அரிட்டா. அவர் பெயருக்காகவே கார்டு சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

வடிவமைப்பை எடைபோட இங்கேயே ஒரு சின்னச் சோதனை. ஏழு கார்டுகளைக் கையில் விசிறிபோல் விரித்துப் பிடியுங்கள். உங்களுக்குத் தெரிவது ஒவ்வொரு கார்டின் இடது ஓரம் மட்டுமே. முடிவெடுக்கத் தேவையான விவரம் அங்கே இருக்கிறதா? 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கி வெளிவந்த மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தில், ஒரு கார்டைப் போட ஆட்டத்துக்குள் கொடுக்க வேண்டிய விலை மேல் வலது மூலையில் இருக்கிறது. விசிறியாகப் பிடித்தால் அது மறைந்துவிடும். 2007-இல் வந்த ஃபியூச்சர் சைட் தொகுப்பில் சில கார்டுகளுக்கு மட்டும் விலையை இடது ஓரமாக இறக்கிப் பார்த்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் நிலைக்கவில்லை.

படி 3: என்ன கொடுக்கிறேன், என்ன பெறுகிறேன், எப்போது?

சாரமே இந்தப் படிதான். பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் 1999-இல் வந்த போக்கிமான் முதல் தொகுப்பில் 102 கார்டுகள். 4-ஆம் எண் சாரிசார்டு, 7-ஆம் எண் ஹிட்மான்சான் என்ற குத்துச்சண்டைக்காரன். இரண்டும் மின்னும் கார்டுகள், இரண்டுக்கும் ஒரே நட்சத்திரக் குறி. சாரிசார்டுக்கு உயிர்ப்புள்ளி 120, அடித்தால் 100. ஹிட்மான்சானுக்கு உயிர்ப்புள்ளி 70. எனர்ஜி என்பது அடிக்கத் தேவையான சக்தியைத் தரும் தனிக் கார்டு. அது ஒன்று இணைந்திருந்தால் 20 அடி, மூன்று இணைந்திருந்தால் 40 அடி. எது நல்ல கார்டு என்று கேட்டால் எங்கள் கூடத்தில் எல்லாக் கையும் சாரிசார்டுக்குத்தான் உயரும்.

இப்போது "எப்போது" என்ற கேள்வியைச் சேருங்கள். இருவரும் மாறி மாறி ஆடுவதில், தன் முறை வரும் ஒவ்வொரு தடவையும் ஓர் எனர்ஜிதான் இணைக்கலாம். சாரிசார்டின் அடிக்கு நான்கு எனர்ஜி வேண்டும். சாரிசார்டை நேராக இறக்கவும் முடியாது. அதன் குட்டி வடிவமான சார்மாண்டரை இறக்கி, அதை அடுத்த வடிவமான சார்மீலியனாக்கி, அதற்குப் பிறகுதான் சாரிசார்டு. அடிக்கும்போதெல்லாம் இரண்டு எனர்ஜி கார்டுகளைக் கழித்துவிட வேண்டும்.

ஆக முதல் மூன்று முறை சாரிசார்டு பக்கம் எதுவும் இல்லை. (குட்டி சார்மாண்டர் கீறுவதை இங்கே விட்டுவிடுவோம்.) நான்காவது முறையில் 100. எனர்ஜி கழிந்ததால் ஐந்தாவதில் மீண்டும் சும்மா. ஆறாவதில் இன்னொரு 100. மொத்தம் 200.

ஹிட்மான்சான் முதல் முறையிலேயே 20 அடிக்கிறது, இரண்டாவதில் 20, மூன்றாவதிலிருந்து ஒவ்வொரு முறையும் 40. நான்காவது முறை முடிவில் 120. ஆறாவது முடிவில் அதுவும் 200!

சமம்தானே என்று அண்ணன் மகன் துள்ளினான். கார்டுகளை எண்ணச் சொன்னேன். சாரிசார்டு வழியில் மூன்று போக்கிமான், ஆறு எனர்ஜி, ஆக ஒன்பது கார்டுகள். ஹிட்மான்சான் வழியில் ஒன்றும் மூன்றும் நான்கு. 60 கார்டு கட்டில் ஏழு கார்டுகளோடு ஆட்டத்தைத் தொடங்குபவருக்கு அந்த ஐந்து கார்டு வித்தியாசம் பெரிய சொத்து. அந்தக் காலத்துப் போட்டிகளில் ஹிட்மான்சான், எலக்டபஸ், சைத்தர் போன்றவற்றை வைத்துக் கட்டிய ஹேமேக்கர் என்ற கட்டு கொடிகட்டிப் பறந்ததற்கு இந்த வேகமும் சிக்கனமும்தான் காரணம்.

இந்தக் கணக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. இரண்டும் நேருக்கு நேர் நின்றால், ஹிட்மான்சான் போன்ற சண்டை வகையின் அடி சாரிசார்டின் மேல் விழும்போது அந்த அடியில் 30 குறைந்துவிடும். ஹிட்மான்சானின் 20 அதன் மேல் படவே படாது. சாரிசார்டில் எந்த எனர்ஜியையும் நெருப்பாக மாற்றும் சக்தி ஒன்றும் எழுதியிருக்கிறது. அலங்காரத்துக்காக எழுதியதல்ல அது. ஒரே கார்டில் இரண்டு எனர்ஜி தரும் டபுள் கலர்லெஸ் எனர்ஜியோடு சேர்த்தால் காத்திருப்பு குறையும். ஒரு கார்டில் தேவையற்றதாகத் தோன்றும் வரி கண்ணில் பட்டால், அது வேறு எந்தக் கார்டைத் தேடுகிறது என்று கேளுங்கள். வடிவமைத்தவரின் எண்ணம் அப்போது பிடிபடும். ஆனாலும் முதல் கணக்கைத் துணைக்கார்டுகள் இல்லாமல் தனியாகவே போடுங்கள். துணை கிடைத்தால் எந்தக் கார்டும் வீரன்தான்.

படி 4: ஒரே எண், ஒரே மதிப்பல்ல

மேஜிக் ஆட்டத்தின் முதல் தொகுப்பில் ஐந்து கார்டுகள் ஒரு வரிசையாக வந்தன. ஐந்துக்கும் விலை ஒரு மானா (அந்த ஆட்டத்தில் கார்டு போடச் செலவாகும் சக்தி). ஐந்தும் ஏதோ ஒன்றை மூன்றாகத் தரும். ஹீலிங் சால்வ் மூன்று உயிர் தரும், அல்லது மூன்று அடியைத் தடுக்கும். லைட்னிங் போல்ட் மூன்று அடிக்கும். ஜயண்ட் க்ரோத் ஓர் உயிரினத்தின் பலத்தையும் தாங்குசக்தியையும் அந்த முறைக்கு மட்டும் மூன்று கூட்டும். டார்க் ரிச்சுவல் மூன்று மானா தரும். ஆன்செஸ்ட்ரல் ரீகால் மூன்று கார்டு எடுக்க வைக்கும்.

தாளில் பார்த்தால் தராசு ஆடாமல் நிற்கிறது. மேசையில் அப்படி இல்லை. மூன்று உயிர் என்பது தோல்வியைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவே. மூன்று கார்டு என்பது மூன்று வாய்ப்பு. அவற்றில் ஒன்று மறுபடியும் மூன்று கார்டு தரலாம். ஐந்தில் அதை மட்டும் அரிதான கார்டாக அச்சிட்டதைப் பார்த்தால் உருவாக்கியவர்களுக்கும் சந்தேகம் இருந்திருக்கும் போலிருக்கிறது. அரிதாக்கினால் சேதம் குறையும் என்பது நியாயமான கணக்கல்ல. வாங்க வசதி உள்ளவர் கையில் அது இருக்கத்தான் செய்யும். ஆகவே எண்ணைப் பார்த்து மயங்காமல், எதை எண்ணுகிறார்கள் என்று பாருங்கள்.

படி 5: கடிவாளத்தைத் தேடுங்கள்

போக்கிமான் முதல் தொகுப்பில் பேராசிரியர் ஓக் என்றொரு கார்டு. கையில் இருப்பதைக் கழித்துவிட்டு ஏழு கார்டு எடுக்கலாம். ஒரே முறையில் எத்தனை ஓக் கார்டு வேண்டுமானாலும் போடலாம் என்பது அன்றைய விதி. பின்னாளில் ஒரு முறைக்கு ஒன்று மட்டுமே போடலாம் என்ற வகையாக இத்தகைய கார்டுகளை மாற்றினார்கள். 2020-இல் வந்த புரொஃபசர்ஸ் ரிசர்ச் கார்டும் கழித்துவிட்டு ஏழு எடுப்பதுதான். வேலை அதேதான், மதிப்பு வேறு. கார்டின் பலம் அதில் எழுதியிருப்பதில் பாதி, ஆட்டத்தின் பொது விதியில் பாதி.

படி 6: சந்தை மதிப்பு

இப்போது அந்த இரண்டாவது தராசு. மேசையில் ஹிட்மான்சான் உழைத்தது. சந்தையில் சாரிசார்டு பல மடங்கு உயரத்தில் இருக்கிறது. தொகுப்பு ஒன்று, அரிதின் குறி ஒன்று. மீதி வித்தியாசம் முழுவதும் ஆசை. பறக்கும் டிராகனை அலமாரியில் வைக்க ஆசைப்படுபவர்கள் குத்துச்சண்டைக்காரனை வைக்க ஆசைப்படுவதில்லை.

விற்பவர் சொல்லும் விலையை எழுதிக்கொள்ளாதீர்கள். விற்று முடிந்த விலைகளை மட்டும் பாருங்கள். இணையச் சந்தைகளில் அவற்றைத் தனியே காட்டும் வசதி உண்டு.

மறுபதிப்பு வருமா என்பதையும் யோசியுங்கள். 1995-இல் பழைய மேஜிக் கார்டுகளை க்ரானிக்கிள்ஸ் என்ற தொகுப்பில் மறுபடி அச்சிட்டபோது சேகரிப்பவர்கள் கொதித்தார்கள். அதன் விளைவாக, குறிப்பிட்ட கார்டுகளை இனி அச்சிடமாட்டோம் என்று 1996-இல் நிறுவனம் ஒரு பட்டியலே வெளியிட்டது. அந்த வாக்குறுதி இல்லாத கார்டின் விலை ஓர் அறிவிப்பில் இறங்கலாம்.

பிறகு கார்டின் நிலை. தரம் பார்த்து எண் தரும் நிறுவனங்கள் கவனிப்பவை நான்கு: படம் நடுவில் அமைந்திருக்கிறதா, மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு. இங்கே என் சொந்தப் பாடம் ஒன்று உண்டு. ஆர்க்காட்டிலிருந்து உறவினர் மக்கன் பேடா வாங்கி வந்தார். தட்டுக்குப் பக்கத்தில் உறையில்லாமல் கிடந்த ஒரு மின்னும் கார்டின் அடியில் பாகு ஓடியதை யாரும் கவனிக்கவில்லை. ஈரத்துணியால் துடைத்தேன், மேற்பரப்பு உரிந்தது. அதற்குப் பிறகு அந்தக் கார்டின் அருமை எறும்புகளுக்கு மட்டுமே தெரிந்தது. முதலில் உறை, அதற்குப் பிறகு ஆட்டம். வெயிலில் நிற்கும் காரிலும், ஓட்டுக்கூரையை ஒட்டிய பரணிலும் கார்டுப் பெட்டியை வைக்காதீர்கள். மின்னும் கார்டுகள் எளிதில் வளையும்.

படி 7: நீங்களே ஒன்று செய்து, அதை உடையுங்கள்

வடிவமைப்பைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வெற்று அட்டைகள், பேனா, எனர்ஜிக்குப் பதிலாகப் புளியங்கொட்டை. ஆளுக்கு 20 உயிர், முறைக்கு ஒரு கொட்டை.

எங்கள் பிள்ளைகள் முதலில் செய்தது வேலூர்க் கோட்டை. விலை இரண்டு கொட்டை. "இது மேசையில் இருக்கும்வரை உங்கள் மேல் அடி விழாது." இருவரும் கோட்டையைப் போட்டார்கள். ஆட்டம் முடியவே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டுத்தான் கலைத்தோம்.

அடுத்த வாரம் மாற்றுக்கார்டு வந்தது. 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் பிடித்த கோட்டையை, ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த குதிரைப்படை மீட்டதைப் பள்ளியில் படித்திருக்கிறார்களே, அதுதான். "ஆர்க்காட்டுக் குதிரைப்படை: எதிரியின் கோட்டையை நீக்கு." எதிரி கோட்டையே போடாவிட்டால்? கார்டு கையில் பிணமாகக் கிடந்தது. ஒரே ஒரு கார்டுக்கு மட்டும் மருந்தாகும் கார்டு எந்த ஆட்டத்திலும் இப்படித்தான் கிடக்கும்.

மூன்றாம் வடிவில் கோட்டை 12 அடி தாங்கி இடியும். குதிரைப்படை 4 அடிக்கும். எதிரே கோட்டை இருந்தால் 8. இரண்டு கார்டும் எந்த நேரத்திலும் ஏதோ ஒரு வேலை செய்தன. ஆட்டங்கள் அரை மணிக்குள் முடிந்தன.

போன ஞாயிறு எதிர்வீட்டுச் சிறுமி புதுக்கார்டு ஒன்றோடு வந்தாள். கோட்டைக்கு அடியில் சுரங்கப்பாதை இருப்பதாக ஊரில் சொல்வார்களே, அதைப் படமாக வரைந்திருந்தாள், தீவட்டியோடு. விலை ஒரு புளியங்கொட்டை. "மூன்று கார்டு எடுத்துக்கொள்." படி 4-ஐ அவளுக்கு நான் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. வருகிற ஞாயிறு ஆடிப் பார்க்கட்டும்.