நெல் இலைக் கருகலுக்கு ட்ரைக்கோடெர்மா: எப்போது, எப்படி?

தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் பெரும்போகத்து மழையும் காற்றும் இலையைக் கிழிக்க, அந்தக் காயத்தாலும் இலைக் கருகலைத் தரும் பற்றீரியா உள்ளே போகிறது. கருகத் தொடங்கிய பிறகு ட்ரைக்கோடெர்மா தெளிப்பது வீண்காசு; அது பயிரின் எதிர்ப்பைத் தூண்டும் பங்கசு, வந்த நோயைத் துடைக்கும் மருந்தல்ல. விதையோடேயே கொடுங்கள். ஒரு நாள் ஊறிய நெல்லை வடித்து, கிலோவுக்கு 10 கிராம் தூளைப் பிசறி, நிழலில் ஈரச்சாக்கில் முளைகட்டி விதையுங்கள். பக்கற்றின் காலாவதித் திகதியைப் பாருங்கள், உயிருள்ள சரக்கு அது. பங்கசுநாசினி பூசிய விதையில் செத்துப்போகும். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டினாலும் பலனில்லை.

சந்தேகமா? மஞ்சள் விளிம்புள்ள இலையை வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நிறுத்துங்கள். வெட்டுவாயில் பால்போல் கசிந்தால் பற்றீரியாதான். அந்த வயல் தண்ணீரை அடுத்த வயலுக்குத் திறக்காதீர்கள்.