கொய்யாவில் பதியன்: ஏறுவதை விடு, இறங்குவதை மறி

கொய்யாவை விதை போட்டும் வளர்க்கலாம். ஆனால் தாய்மரத்தின் பழம் அப்படியே வருமென்று யாரும் உறுதி சொல்ல முடியாது, காய்ப்புக்கும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். கிளையை மரத்திலேயே வேர் விட வைத்து, பிறகு அறுத்தெடுத்து நடுவதுதான் பதியன். பதியன் போட்டால் அதே மரம், அதே பழம், இரண்டாம் மூன்றாம் வருஷத்திலேயே காய். பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடியில் எங்கள் தோட்டத்தில் நிற்பவை பெரும்பாலும் பதியன் கன்றுகள்தான். நான் கல்லூரியில் தாவரவியல் படித்துவிட்டு இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். கிளையில் கத்தி வைக்கக் கற்றுத் தந்தவர் மாமனார். அவர் சொல்வது இவ்வளவுதான்: "தண்ணி கட்டைக்குள்ள ஏறும், சோறு பட்டையில எறங்கும். ஏறுறதை விடு, எறங்குறதை மறி." மூன்று வருஷம் நான் படித்த பாடத்தில் பாதி இதற்குள் அடங்கிவிட்டது.

அவர் கட்டை என்பது சைலம். செத்துப்போன செல்களின் வெற்றுக் கூடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த குழாய்கள். வேர் எடுத்த தண்ணீரும் அதில் கரைந்த உப்புகளும் இதன் வழியாக மேலே போகின்றன. அவர் பட்டை என்பது, வெளித்தோலின் உட்புறமாக ஒட்டியிருக்கும் புளோயம். இது உயிருள்ள திசு. இலை தயாரித்த சர்க்கரை இதன் வழியாக வேருக்கும் காய்க்கும் துளிருக்கும் போகிறது. இரண்டுக்கும் நடுவே தொட்டால் வழுக்குகிற மெல்லிய படலம் ஒன்று உண்டு, அதுதான் காம்பியம். உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் அதுதான் புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பதியன் போடுகிறவர் கத்தி வைக்குமுன் இந்த மூன்றும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் கிளை. போன வருஷம் விட்ட கிளையாக, பென்சில் கனமோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவோ இருக்கட்டும். வெயில் படுகிற பக்கத்தில், நல்ல பச்சை இலைகளோடு இருக்க வேண்டும். மரத்தின் உள்ளே நிழலில் நெடுநெடுவென்று நேராகப் போயிருக்கும் போத்து பார்வைக்கு வாட்டசாட்டமாக இருக்கும், அதைத் தொட வேண்டாம். வரப்போகிற வேருக்குச் சர்க்கரை கொடுக்கப்போவது அந்தக் கிளையில் உள்ள இலைகள்தான். வெயில் பார்க்காத இலையிடம் கொடுக்க என்ன இருக்கும்?

காலம், மழை தொடங்கியபின். எங்கள் பக்கம் ஐப்பசி மழை. தென்மேற்கு மழை நன்றாகக் கிடைக்கிற ஊர்க்காரர்கள் ஆனி, ஆடியிலேயே போடலாம். மழைக்காலத்தில் காம்பியம் சுறுசுறுப்பாக இருப்பதால் பட்டை சுலபமாக உரியும், காற்றில் ஈரம் இருப்பதால், உரித்த இடத்தைச் சுற்றி ஈரப்பாசி வைத்துக் கட்டிய பந்தும் காயாது.

இனி கத்தி. கிளை நுனியிலிருந்து ஒன்று ஒன்றரை அடி தள்ளி, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே சுற்றிலும் ஒரு வெட்டு. அதற்கு இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் கீழே இன்னொரு வெட்டு. இரண்டையும் சேர்த்து நெடுக்காக ஒரு கீறல். நகத்தால் நெம்பினால் பட்டை வளையமாகக் கழன்று வரும். வெள்ளையாகத் தெரிவது கட்டை. இதோடு வேலை முடிந்தது என்று பலர் பந்து கட்டிவிடுகிறார்கள். பதியன் வேர் விடாமல் போவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இந்த இடம்தான். உரித்த கட்டையின்மேல் விரல் வைத்துப் பாருங்கள், வழுக்கும். அது மிச்சமிருக்கிற காம்பியம். அதை விட்டால் சில வாரத்தில் புதுப்பட்டையை உண்டாக்கி மேலும் கீழும் இணைத்துவிடும். சர்க்கரை பழையபடி இறங்கிப் போகும், கிளைக்கு வேர் விட எந்த அவசியமும் இருக்காது. கத்தியின் முதுகுப்பக்கத்தால் வழுவழுப்பு போகும்வரை வழித்தெடுங்கள். அதற்காகக் கட்டையைச் செதுக்கிவிடக் கூடாது. அங்கேதான் தண்ணீர் ஏறுகிறது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் கிளையைப் பாருங்கள். இலை வாடாமல் நின்றால் கத்தி சரியான ஆழத்தில் போயிருக்கிறது. வாடினால் கட்டைக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம், வேறு கிளை பார்க்க வேண்டியதுதான்.

பட்டையை வளையமாக உரித்துப் பார்க்கிற சோதனை பழசு. இத்தாலிக்காரர் மார்செல்லோ மால்பிகி 17-ஆம் நூற்றாண்டிலேயே செய்திருக்கிறார். வளையத்துக்கு மேலே பட்டை வீங்குவதையும் கீழே அப்படி ஆகாததையும் பார்த்து, இலையிலிருந்து ஏதோ ஒன்று பட்டை வழியாக இறங்குகிறது என்று முடிவுக்கு வந்தார். அது எப்படி நகர்கிறது என்பதற்கு இன்று பாடப்புத்தகத்தில் இருக்கும் விளக்கம் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் முன்ச் 1930-இல் சொன்னது. இலையில் சர்க்கரை புளோயத்துக்குள் ஏற்றப்படுகிறது. அந்தச் செறிவால் பக்கத்து சைலத்திலிருந்து தண்ணீர் சவ்வூடுபரவலில் உள்ளே வருகிறது, அழுத்தம் கூடுகிறது. சர்க்கரையை எடுத்துக்கொள்கிற வேரிடமோ காயிடமோ அழுத்தம் குறைவு. அதிகத்திலிருந்து குறைவை நோக்கிச் சாறு ஓடுகிறது. ஆகவே புளோயம் எப்போதும் கீழேதான் போகும் என்பதில்லை. மாமனாரின் வாசகத்தில் எனக்கு இருக்கும் ஒரே ஆட்சேபம் இதுதான். கிளை நுனியில் காய் இருந்தால் சோறு மேலேயும் போகும். அவரிடம் சொன்னேன். "காய்க்கிற கெளையில யாரும்மா பதியன் போடுவா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

சரி, வேலைக்கு வருவோம். உரித்த வளையத்தின் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு என்று இரண்டு உண்டு. வேர் ஊக்கிப் பொடி பூசுவதாக இருந்தால் மேல் விளிம்பில் பூசுங்கள். இறங்கி வந்த சர்க்கரை தேங்குவது அங்கே. நுனித் துளிரிலிருந்து கீழ்நோக்கி வரும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளும் அங்கேதான் சேர்கிறது, வேர் கிளம்புவதும் அங்கேதான். கீழ் விளிம்பில் எவ்வளவு பொடி அப்பினாலும் வீண். கொய்யா பொடி இல்லாமலும் வேர் விடும், பூசினால் வேர் நிறைய வரும், அவ்வளவுதான்.

பந்து கட்டுவதற்கு நர்சரியில் கிடைக்கும் காய்ந்த ஸ்பேக்னம் பாசி நல்லது. இல்லையென்றால் கழுவி எடுத்த தென்னை நார்க்கழிவு. ஊறவைத்து, நன்றாகப் பிழிந்துவிடுங்கள். கையில் வைத்து அமுக்கினால் ஈரம் தெரியலாம், ஒழுகக் கூடாது. வேருக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை, சொதசொதவென்று இருந்தால் விளிம்பு அழுகிவிடும். வளையமும் மேல் விளிம்பும் நன்றாக மூடும்படி ஒரு கைப்பிடி வைத்து, நிறமில்லாத பாலிதீன் தாளால் சுற்றி இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டுங்கள். மேல்முடிச்சு கூடுதல் இறுக்கமாக இருக்கட்டும், கிளை வழியாக வழிகிற மழைநீர் உள்ளே போகக் கூடாது. வேரைத் தாளுக்கு வெளியிலிருந்தே பார்க்கலாம் என்பதால்தான் நிறமில்லாத தாள். உச்சி வெயில் நேராகப் படுகிற கிளையென்றால் மேலே ஒரு செய்தித்தாளைச் சுற்றிவிடுங்கள்.

கொய்யா ஐந்தாறு வாரத்தில் வேர் காட்டும். வெள்ளையாக இரண்டு வேர் தெரிந்ததும் வெட்ட ஓடாதீர்கள். அவை கிளைத்து, கொஞ்சம் பழுப்பேறி, பந்து முழுக்கப் பரவட்டும். வெட்டுவதும் ஒரே நாளில் வேண்டாம். பந்துக்குக் கீழே பாதிக் கனத்துக்கு ஒரு வெட்டுப் போட்டுவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் கழித்து மீதியை அறுத்தால், புது வேர் மெல்ல மெல்லப் பொறுப்பெடுத்துக்கொள்ளும்.

இந்த இடம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியது. இவ்வளவு நாளும் சர்க்கரை வழியைத்தான் மறித்திருந்தோம், தண்ணீர் தாய்மரத்திலிருந்து கட்டை வழியாக வந்துகொண்டேதான் இருந்தது. அறுத்த நிமிஷத்தில் அது நிற்கிறது. இலைகள் மட்டும் முன்பு போலவே தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டிருக்கும். வேர் எடுக்கிற தண்ணீரில் மிகப் பெரும்பங்கு இப்படி இலைத்துளை வழியாகத்தான் வெளியேறுகிறது. அந்த நீராவிப்போக்கின் இழுப்புதான் தண்ணீரை மேலே ஏற்றுவதும். டப்ளினில் ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும் 1894-இல் முன்வைத்த விளக்கம் இது: தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றியிருப்பதால், இலையில் ஒன்று ஆவியானால் கீழே உள்ள நீர்க்கம்பம் மொத்தமும் இழுபடுகிறது. உறிஞ்சு பம்பு எதுவானாலும் சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீரை உறிஞ்சி ஏற்ற முடியாது. தென்னையோ இருபது மீட்டருக்கு மேலும் ஏற்றி இளநீரை நிரப்புகிறது. உயிருள்ள செல்கள் துடித்துத்தான் சாற்றை ஏற்றுகின்றன என்று நம் ஜகதீஸ் சந்திர போஸ் வாதாடினார். அது நிலைக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆகவே அறுப்பதற்கு முன்பே இலைகளைக் குறையுங்கள். பாதி இலைகளை எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் பெரிய இலைகளையும் குறுக்கே பாதியாக நறுக்கலாம். மொத்தமாக மொட்டையடிக்கவும் கூடாது, வேருக்குச் சர்க்கரை தேவை. அறுப்பது விடிகாலையில் அல்லது பொழுது சாய்ந்தபின். உச்சிவெயிலில் நீர்க்கம்பம் கடுமையான இழுப்பில் இருக்கும், வெட்டியதும் வெட்டுவாய் வழியாகக் காற்று உள்ளே புகுந்து குழாயை அடைக்கும். பூச்சாடிக்குப் பூ வைக்கிறவர்கள் காம்பைத் தண்ணீருக்குள் வைத்து நறுக்குவதும் இதற்காகத்தான்.

பாலிதீனைப் பிரித்து, பாசியை உதறாமல் அப்படியே பையில் வையுங்கள். செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் சம அளவு. தண்ணீர் விட்டு, நிழல்வலைக்குள் சில வாரம் காற்றடிக்காத இடத்தில் வைக்க வேண்டும். புதுத்துளிர் வந்தபின் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குங்கள்.

இந்தச் சமயத்தில்தான் எல்லோருக்கும் யூரியா போடக் கை வரும். வேண்டாம். வேரின் உள்ளே அகத்தோலில் காஸ்பேரியன் பட்டை என்று ஒரு தடுப்பு இருக்கிறது. மண்ணிலிருந்து வரும் தண்ணீரும் உப்பும் செல்களுக்கு இடையில் நழுவிப் போக முடியாது, ஓர் உயிருள்ள செல்லுக்குள் நுழைந்துதான் சைலத்தை அடைய வேண்டும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தேர்வு நடப்பது அங்கே. வெளியே உப்பின் செறிவு மிகுந்துவிட்டால் தண்ணீர் உள்ளே வர மறுக்கும், பிஞ்சு வேர் இருக்கிற ஈரத்தையும் இழந்து கருகும். தொழுவுரத்தில் இருப்பதே முதல் இரண்டு மாதத்துக்குப் போதும்.

அதன்பின் இலை மஞ்சளானால் எந்த இலை என்று பாருங்கள். அடியில் உள்ள முதிர்ந்த இலை மொத்தமாக வெளிறினால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறை. தழைச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவற்றைப் பழைய இலையிலிருந்து பிரித்தெடுத்துப் புளோயம் வழியாகத் துளிருக்கு அனுப்பச் செடியால் முடியும். அதனால் பழசுதான் முதலில் இழக்கும். இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் அப்படி நகர்வதில்லை. துளிர் இலை நரம்பு மட்டும் பச்சையாக, நடுவெல்லாம் மஞ்சளாக வந்தால் இரும்பு. காரத்தன்மையுள்ள போர் தண்ணீரும் சுண்ணாம்பு மண்ணும் உள்ள இடங்களில் இது சகஜம். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட் கரைத்து, மாலையில் இலைமேல் தெளித்தால் துளிர் தேறும்.

கன்றில் எறும்பு ஏறி இறங்கினால் இலையின் அடியில் மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கும். அவை ஊசி போன்ற வாயைப் புளோயத்தில் செருகி உறிஞ்சுகின்றன. சர்க்கரை அளவுக்கு அதிகமாக வருவதால் மிச்சத்தைப் பின்னால் தேன்துளியாக விடும். எறும்பு அதற்குத்தான் வருகிறது, இலையில் கரும்படலம் படிவதும் அதன்மேல்தான். வேப்பெண்ணெய்க் கரைசல் போதும்.

இரண்டு எச்சரிக்கை. வளையத்தைக் கிளையில் மட்டும் போடுங்கள், அடிமரத்தில் சுற்றிலும் உரித்தால் மரம் போய்விடும். உடனே தெரியாது, தண்ணீர் ஏறிக்கொண்டிருப்பதால் இலை பச்சையாகவே நிற்கும். வேர் தன் சேமிப்பைத் தின்று தீர்த்தபின்தான் மேலே வாட ஆரம்பிக்கும், அப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆடு கட்டி, அது பட்டையைச் சுற்றிலும் கடித்துவிட்ட மரம் மாதக்கணக்கில் கழித்துச் சாவதும் இதனால்தான். இன்னொன்று, வாழை, தென்னை, பனையில் இந்த வேலை நடக்காது. சோளத்தட்டையைச் சிவப்பு மை கலந்த தண்ணீரில் வைத்து, குறுக்கே அறுத்துப் பாருங்கள், சிவப்புப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். காசித்தும்பையில் வட்டமாக நிற்கும். சிதறிக் கிடக்கிற இனத்தில் உரித்தெடுக்கத் தனிப் பட்டை வளையம் இல்லை. பனையில் சர்க்கரை வழியைத் திறக்கப் பாளையைத்தான் சீவ வேண்டும், பதநீர் என்பது அந்தப் புளோயச் சாறு.

கன்று நட்ட முதல் வருஷமே பூ வரும், பதியனுக்கு அது வழக்கம். கிள்ளிவிடுங்கள். ஒரு காய் நின்றால் சர்க்கரையெல்லாம் அங்கே போகும், வேர் பட்டினி கிடக்கும். எங்கள் வீட்டில் பிஞ்சைக் கிள்ள அத்தைக்கு மனசு வராது. அதனால் அவர் மதியம் தூங்குகிற நேரமாகப் பார்த்து நானே கிள்ளிவிடுவேன்.